சாகாத ஹார்ட் டிஸ்க்

இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு பற்றி எரிகிறது. ஒரு கேபிளைப் பிடுங்கிப் பக்கத்துத் துளையில் செருகியிருந்தால் முடிந்திருக்கும் காரியம். அதைச் செய்ய மூன்று பேர் இருந்தோம். மூன்று பேரும் செய்யவில்லை. மூன்றாவது ஆள் நான்தான், அதை அப்புறம் சொல்கிறேன். முதலில் மற்ற இரண்டு பேரையும் திட்டி முடித்துக்கொள்கிறேன்.

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் எங்கள் வீடு. வாசல் அறையில் ஒரு கம்ப்யூட்டரும் பிரின்டரும் வைத்துக்கொண்டு இருபது வருஷமாக டைப்பிங் செய்கிறேன். திருச்சிக் கல்லூரிகளில் ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகள் என்னிடம் வருவார்கள். ஆய்வேடு டைப் செய்து, பக்கம் கட்டி, பைண்டிங்கிற்குத் தயாராகக் கொடுப்பேன். பேட்டி எடுத்த ஒலிப்பதிவு இருந்தால் கேட்டு எழுதியும் தருவேன். பெரிய வேலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் என் கையில் கொடுத்த பேப்பர் ஒன்றுகூட இதுவரை தொலைந்ததில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வேன். சொல்லிக்கொண்டிருந்தேன்.

மணப்பாறையிலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். முறுக்குச் சுற்றுகிற பெண்களைப் பற்றி ஆராய்ச்சி. அறுபத்து மூன்று பேரோடு உட்கார்ந்து, அவர்கள் சுற்றச் சுற்றப் பேசவிட்டு, போனில் பதிவு செய்திருந்தாள். எண்ணெய் கொதிக்கிற சத்தம், குழந்தை அழுகிற சத்தம், நடுவில் சிரிப்பு, முதலாளி வருகிறார் என்றதும் குரல் அடங்கிப்போவது, எல்லாம் அதில் இருக்கும். கேட்டு எழுதியவள் நான் என்பதால் அந்தக் குரல்கள் எனக்கு அத்துப்படி. அதில் இரண்டு பேர் பிற்பாடு இறந்துபோனார்கள். நாலைந்து பேர் பிழைப்பைத் தேடி எங்கேயோ போய்விட்டார்கள்.

அவளுடைய போன் ஒரு ஓட்டைப் போன். இருபது நிமிஷம் பதிவு செய்தால் இடமில்லை என்று நின்றுவிடும். அதனால் வாராவாரம் பஸ் பிடித்து சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் எங்கள் வீட்டுக்கு வருவாள். போனிலிருந்து என் கம்ப்யூட்டருக்கு மாற்றுவேன். மாற்றியதும் போனில் அழித்துவிடுவாள்.

"உங்ககிட்ட பத்திரமா இருக்கும்லக்கா?" என்று ஒருமுறை கேட்டாள்.

"பேங்க் லாக்கர்லகூடப் பூச்சி அரிக்கும்மா. என்கிட்ட ஒண்ணும் ஆகாது," என்றேன். அந்த வாயை எதை வைத்து அடைப்பது என்று இப்போது தோன்றுகிறது.

ஆய்வேடு எழுதி முடித்தாயிற்று. அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர், பேட்டிகளின் ஒலிப்பதிவு அத்தனையும் கூடவே வந்தால்தான் கையெழுத்து என்று சொல்லிவிட்டார். யாரோ ஒரு மாணவன் பேட்டியே எடுக்காமல் எடுத்ததாக எழுதி மாட்டிக்கொண்டானாம். அதனால் எல்லோருக்கும் இந்தச் சட்டம். அந்த மாதக் கடைசிக்குள் சமர்ப்பிக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை அவகாசம் வாங்கியாகிவிட்டது, இனிமேல் கிடையாது. ஏழு வருஷப் படிப்பு, அறுபத்து மூன்று பதிவுகள், எல்லாம் என் கம்ப்யூட்டருக்குள் இருந்த பழைய ஹார்ட் டிஸ்க்கில். வேறெங்கும் இல்லை.

இன்னொரு பிரதி எடுத்து வைக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். கேளுங்கள். புதிதாக ஒரு டிஸ்க் வாங்குவதாக இருந்தேன், அது வந்ததும் இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். புது டிஸ்க்கே அதற்காகத்தானே.

கம்ப்யூட்டர் அவ்வளவு மெதுவாகிவிட்டிருந்தது. ஸ்விட்சைப் போட்டுவிட்டுப் போய், பெருமாளுக்கு விளக்கேற்றி, காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். எஸ்எஸ்டி என்று புது மாதிரி டிஸ்க் வந்திருக்கிறது, அதைப் போட்டால் பறக்கும் என்று டைப்பிங் கொடுக்க வந்த ஒரு பையன் சொன்னான். சரி, போடலாம். ஆனால் நான் கண்ணை மூடிக்கொண்டு எதையும் வாங்குகிறவள் இல்லை. பக்கவாட்டு மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து, மதர்போர்டின் நம்பரை எழுதிக்கொண்டேன். அந்த நம்பரை வைத்து அதன் மேனுவலைத் தேடி இறக்கி, ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன்.

அதில் தெரிந்துகொண்டது இதுதான். சூயிங்கம் பட்டை மாதிரி ஒரு சின்ன எஸ்எஸ்டி வருகிறது. போர்டிலேயே அதற்கென்று ஒரு ஸ்லாட் இருக்கிறது. பார்க்க ஒன்றுபோலவே இருந்தாலும் அதில் இரண்டு வகை. ஒன்று சாட்டா வகை, பழைய ஹார்ட் டிஸ்க் போகிற வழியிலேயே போகும். மற்றது என்விஎம்இ வகை, தனக்கென்று தனிவழி வைத்திருக்கும். என் போர்டில் இரண்டும் பொருந்தும். ஆனால் ஒரு அட்டவணைக்கு அடியில், எறும்பு சைஸ் எழுத்தில் ஒரு குறிப்பு. சாட்டா வகையைப் போட்டால் ஆறாம் நம்பர் போர்ட், அதாவது டிஸ்க் கேபிள் செருகுகிற ஆறாவது துளை, வேலை செய்யாது. அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்து, அந்த வரிக்கு அடியில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டு வைத்தேன்.

என் வீட்டுக்காரருக்கு சத்திரத்துப் பக்கத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஒருவர் பழக்கம். நானே அவருக்குப் போன் செய்து, என்விஎம்இ வகைதான் வேண்டும் என்று சொன்னேன். "ஆகட்டும் மாமி," என்றார். வந்தபோது கொண்டுவந்தது சாட்டா வகை.

"ரெண்டும் ஒண்ணுதான் மாமி. ஸ்லாட்ல உக்காருது இல்ல? அப்புறம் என்ன?"

மாமி என்று கூப்பிட்டாலே, இவளுக்கு வத்தக்குழம்பு வைக்கத் தெரியும், மற்றதெல்லாம் நமக்குத் தெரியும் என்று ஒரு தொனி வந்துவிடுகிறது. நானும் இருபது வருஷமாக இந்தப் பெட்டியின் முன்னால்தானே உட்கார்ந்திருக்கிறேன்.

சரி, திருப்பிக் கொண்டுபோய் மாற்றி வாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவும் செய்தேன். அங்கேதான் என் வீட்டுக்காரர் குறுக்கே வந்தார். அன்று வெள்ளிக்கிழமை. பஞ்சாங்கத்தைப் பார்த்து நாள் குறித்தவர் அவர்.

"பத்தரைக்கு ராகுகாலம் வந்துடறது. அதுக்குள்ள ஆன் ஆயிடணும். இனிமே போய் மாத்திண்டு வந்தா எப்போ ஆகும்? கொண்டு வந்ததையே போடட்டும்," என்றார்.

கடைக்காரர் காவேரிப் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டு வந்து சேர்ந்ததே ஒன்பதே முக்காலுக்கு. முக்கால் மணி நேரத்தில் மூடியைக் கழற்றி, பட்டையைச் செருகி, விண்டோஸ் ஏற்றி, ஸ்விட்ச் போட வேண்டும். என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்றுகொண்டு ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் மணி சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல நேரம் பார்க்கத் தெரிந்த மனுஷருக்கு, அந்த ஆள் கையில் வைத்திருப்பது எந்த வகை என்று ஒரு நிமிஷம் பார்க்கத் தோன்றவில்லை. கம்ப்யூட்டருக்கு ராகு என்ன செய்யும், கேது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. அவசரம் என்ன செய்யும் என்று அன்றைக்குப் பார்த்தேன்.

பத்து இருபதுக்குத் திரை வந்துவிட்டது. பறக்கத்தான் செய்தது. என் வீட்டுக்காரர் உடனே சந்தனம் குழைத்து வந்து பெட்டியின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தார். நான் மவுஸைப் பிடித்துப் பார்த்தேன். புது டிஸ்க் மட்டும் இருந்தது. பழையதைக் காணோம்.

"பழைய டிஸ்க் எங்கே?"

கடைக்காரர் குனிந்து பார்த்தார். கேபிளை மாற்றினார். வேறு கேபிளை எடுத்து, அதே துளையில் செருகினார். மறுபடி போட்டுப் பார்த்தார். இல்லை.

"செத்துப்போச்சு மாமி. பழசாச்சே. புதுசு போடறப்ப சில சமயம் பழசு இப்படித்தான் போயிடும்."

மாட்டுப்பெண் வந்ததும் மாமியார் கோபித்துக்கொண்டு கிளம்பிப் போகிற மாதிரியல்லவா சொல்கிறார். நான் கையை உள்ளே விட்டு டிஸ்க்கைத் தொட்டேன். உள்ளங்கையில் அதிர்ந்தது.

"சுத்தறதே," என்றேன்.

"சுத்தும் மாமி. உள்ள படிக்கற தலை போயிருக்கும்."

என் பேப்பரை எடுத்து நீட்டினேன். சிவப்புக் கோடு போட்ட வரியைக் காட்டி, "ஆறாம் நம்பர் போர்ட் நின்னுடும்னு போட்டிருக்கே. இது எந்த நம்பர்ல இருக்குன்னு பாருங்கோ," என்றேன். அவர் பேப்பரைக் கையால்கூடத் தொடவில்லை.

"நெட்ல ஆயிரம் போடுவாங்க மாமி."

"அவர் எத்தனை வருஷமா இந்தத் தொழில்ல இருக்கார். நீ நாலு பேப்பரைப் பார்த்துட்டுப் பேசறே," என்றார் என் வீட்டுக்காரர். "மணியாறது. அவருக்குக் காபி கொண்டு வா."

நான் காபி போடப் போனேன். டிகாக்‌ஷன் இறங்குகிற வரைக்கும் அடுப்படியில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது டிஸ்க்கைக் கழற்றிப் புத்தக அலமாரியில் வைத்துவிட்டு மூடியை மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து பிரின்டருக்கு வேண்டியதைப் போட்டுக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைக்காரர் போனார்.

இப்போது என் முறை.

அன்று மத்தியானமே மூடியைக் கழற்றிப் பார்த்தேன். தொங்கிக்கொண்டிருந்த கேபிள் ஆறாம் நம்பரில்தான் செருகியிருந்தது. டிஸ்க்கை எடுத்து வந்து ஐந்தாம் நம்பரில் போட்டுப் பார்க்க எனக்குத் தெரியும். பார்க்கவில்லை. மூடியைத் திரும்ப மாட்டிவிட்டேன். ஏனென்றால் எனக்கு அது போதாது. ஞாயிற்றுக்கிழமை அந்த ஆள் வரட்டும். என் வீட்டுக்காரரும் பக்கத்தில் நிற்கட்டும். இரண்டு பேர் கண் முன்னாலும் அந்தக் கேபிளை மாற்றி, செத்த டிஸ்க் எழுந்து வருவதைக் காட்டி, "மாமிக்குக் காபிதான் போடத் தெரியுமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். வெண்டைக்காய் நறுக்கும்போது அந்தக் கேள்வியை நாலு விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். என் வீட்டுக்காரரோடு பேச்சையும் நிறுத்தினேன். எங்கள் வீட்டில் எனக்குக் கோபம் வந்தால் பாத்திரம்தான் பேசும். அன்று ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் நன்றாகவே பேசியது.

சனிக்கிழமை காலையில் அவர் வழக்கம்போல் அம்மா மண்டபத்துக்குக் காவேரி ஸ்நானம் செய்யப் போனார். ஈர வேஷ்டியோடு திரும்பி வந்தார். நான் அலமாரியைத் துடைக்கப் போனபோது டிஸ்க் இருந்த இடம் காலியாக இருந்தது. பேச்சை நான்தான் முதலில் திறக்க வேண்டியதாயிற்று.

"ஏன்னா, இங்கே இருந்த டிஸ்க் எங்கே?"

"காவேரில சேர்த்தாச்சு," என்றார்.

எங்கள் வீட்டில் இது ஒரு வழக்கம். பூஜையில் இருந்த எதையும் குப்பையில் போடக் கூடாது. கண்ணாடி உடைந்த பெருமாள் படம், போன வருஷத்துப் பஞ்சாங்கம், அறுந்த பூணூல், எல்லாம் காவேரிக்குப் போகும். அந்தக் கம்ப்யூட்டருக்கு வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் உண்டு. போதாததற்கு, அவருடைய அப்பா பாசுரம் சேவித்த குரலை என்றோ பதிவு செய்து அந்த டிஸ்க்கில்தான் வைத்திருந்தோம்.

"அப்பா குரல் இருந்த பெட்டி. அதைக் காயலான் கடைலயா போடறது? துளசி வெச்சு, மூணு தரம் முங்கி, ஆழத்துல விட்டேன். மனசுக்கு நிம்மதியா இருந்தது," என்றார்.

நான் கத்தவில்லை. கத்தினால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. பெட்டி மூடியைக் கழற்றினேன். டிவிடி டிரைவின் கேபிளைப் பிடுங்கி ஆறாம் நம்பரில் போட்டு, ஸ்விட்ச் போட்டேன். திரையில் டிவிடி டிரைவ் இல்லை. அணைத்து, ஐந்தாம் நம்பருக்கு மாற்றிப் போட்டேன். வந்துவிட்டது. அவரைத் தோளைப் பிடித்துத் திருப்பிப் பார்க்க வைத்தேன்.

"பார்த்தேளா? இது ஆறுல செத்து, அஞ்சுல பொழைச்சுதா? உங்க டிஸ்க்கும் இப்படித்தான். உசிரோட கொண்டு போய் ஜலத்துல விட்டுட்டு வந்திருக்கேள்."

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. "அப்போ அப்பா குரல்?" என்றார். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பாவமாகத்தான் இருந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் நானும் விட்டிருப்பேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாம் பெருமாள் சித்தம்," என்றார். எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. பெருமாள் என்ன செய்வார்? அவர் அந்த வரியை அச்சுப்போட்டு, என் கையில் கொடுத்து, சிவப்புக் கோடும் போட வைத்தார். அதற்கு மேல் அவர் வந்து கேபிள் மாட்ட முடியாது. இதையெல்லாம் என் வீட்டுக்காரர் முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

அவரை இழுத்துக்கொண்டு அம்மா மண்டபத்துக்குப் போனேன். தண்ணீரில் ஊறின டிஸ்க்கிலிருந்தும் சில சமயம் மீட்டுக் கொடுப்பார்கள் என்று படித்திருந்தேன். படித்துறையில், கயிற்றில் காந்தத்தைக் கட்டி ஆற்றில் விட்டுக் காசு எடுக்கிற ஒருவர் இருந்தார். இடத்தைக் காட்டி விஷயத்தைச் சொன்னதும் காந்தத்தைச் சுழற்ற ஆரம்பித்தார்.

"காந்தம் வேண்டாம்பா. அது பட்டா உள்ள இருக்கறது அழிஞ்சு போயிடும்னு சொல்வா," என்றேன்.

"காந்தம் இல்லாம நான் எப்படிம்மா எடுக்கறது? தண்ணி இந்தப் போக்கு போவுது," என்றார்.

ஆனாலும் நல்ல மனுஷர். வெறும் கையோடு ஏழெட்டுத் தரம் முங்கினார். ஒரு பித்தளைத் தூபக்கால் வந்தது, சட்டமில்லாத ஒரு கண்ணாடி வந்தது, யாருடைய செருப்போ வந்தது. மேட்டூரில் அணையைத் திறந்துவிட்டிருந்த சமயம், தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடியது. பன்னிரண்டு மணி வெயிலில் படியில் நின்றுகொண்டு நான் காவேரியையும் சேர்த்துத் திட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்காரர் சொன்னபடி வந்தார். நடந்ததைச் சொன்னேன். "நான் காவேரில போடச் சொன்னேனா மாமி?" என்றார். டிவிடி டிரைவை ஆறில் போட்டு, ஐந்தில் போட்டுக் காட்டினேன். பேப்பரையும் நீட்டினேன். இந்த முறை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, இரண்டு தரம் படித்தார். முகம் சுருங்கிவிட்டது. "சாரி மாமி. கவனிக்காம விட்டுட்டேன்," என்றார். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெண்டைக்காய் நறுக்கும்போது நான் சொல்லிப் பார்த்த கேள்வியைக் கேட்டேன்.

திங்கட்கிழமை மணப்பாறைக்கு பஸ் ஏறினேன். போனில் சொல்கிற விஷயம் இல்லை. வழியெல்லாம் மனதுக்குள் பேசிக்கொண்டே போனேன். கடைக்காரரின் அலட்சியம், ராகுகாலம், துளசி, காவேரி, எல்லாம் வரிசையாக வந்தது. கேட்டால் அவளும் என்னோடு சேர்ந்து அந்த இரண்டு பேரையும் திட்டுவாள் என்றுதான் நினைத்தேன்.

ஒரு ஓட்டு வீடு. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். நான் சொல்லச் சொல்ல எதிரில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. எல்லாப் பதிவும் போய்விட்டது என்று சொன்ன இடத்தில் மட்டும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். நான் முடித்ததும் கேட்டாள்.

"அந்தப் பேப்பர் வெள்ளிக்கிழமையே உங்க கைல இருந்துச்சாங்க்கா?"

"இருந்துதும்மா."

"அப்புறம் அன்னைக்கே நீங்க மாத்திப் பாக்கலையாக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். கடைக்காரர் விடவில்லை, என் வீட்டுக்காரர் விடவில்லை என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் முன்னால் காட்ட வேண்டும் என்று வைத்திருந்தேன் என்று உள்ளதைச் சொன்னேன். வீட்டில் யாரோடும் பேசாமல் இருந்ததையும் சொன்னேன். அலமாரியில் இருந்ததைத் தொட வேண்டாம் என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது அங்கேயே இருந்திருக்கும் என்பதையும் நானே சொன்னேன்.

அவள் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அறுபத்து மூணு வீட்டுக்கும் நானும் கூட வரேன்," என்றேன். "இருக்கறவாளையாவது திரும்பப் பேச வெச்சு எடுத்துடலாம். உங்க பேராசிரியர்கிட்ட நான் வந்து சொல்றேன். எழுதித் தர்றதுக்கு ஒரு பைசா வேண்டாம்."

"வேணாங்க்கா. நான் பாத்துக்கறேன்."

"தனியா எப்படிம்மா, பத்து நாளைக்குள்ள?"

என் கையிலிருந்த சொம்பை வாங்கிக்கொண்டாள்.

"நேத்து அந்தக் கடைக்காரர் வந்தாராக்கா?"

"வந்தார்."

"தப்புன்னு ஒத்துக்கிட்டாரா?"

"ஒத்துண்டார். சாரின்னும் சொன்னார்."

"சரிங்க்கா," என்றாள். குரலில் கோபம் எதுவும் இல்லை. "நீங்க நெனச்சது நடந்துருச்சு."